சொல்லும் குற்றமாகுமோ?

யுத்த காலத்தில் ஆயுதம் ஏந்திக் கொன்றவன் குற்றவாளி. அக்கொலைக்குச் சொல்லால் வழிவகுத்தவன் யார்? நூரம்பர்க் நகரில் கூடிய சர்வதேச இராணுவ நீதிமன்றம் 1946 அக்டோபர் 1-ஆம் தேதி இக்கேள்விக்கு இருவகை விடை அளித்தது.

யூதர்களை வேரறுக்கவேண்டுமெனத் தம் ஏட்டில் எழுதிவந்த ஜூலியஸ் ஸ்டிரைக்கர் மரண தண்டனை பெற்றார். நாஜி அரசின் வானொலிப் பிரிவுத் தலைவர் ஹான்ஸ் ஃபிரிட்ஷே விடுதலையானார். அவர் பொய்ச்செய்தி பரப்பியதுண்டு. பொய்யென அறிந்தே பரப்பினார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. சோவியத் நீதிபதி இதற்கு உடன்படவில்லை.

1948-இல் உருவான இனப்படுகொலை உடன்படிக்கை, அக்கொடுமைக்கு நேரடியாகவும் பகிரங்கமாகவும் தூண்டுவதைக் குற்றமாக்கிற்று. 1994-இல் ருவாண்டாவில் ஆர்.டி.எல்.எம். வானொலி டுட்ஸி மக்களைக் கரப்பான்பூச்சிகள் எனப் பழித்துக் கொலைக்கு ஏவிற்று. அதை நிறுவியோருள் ஒருவரான ஃபெர்டினாண்ட் நஹிமானாவுக்கு 2003-இல் ஆயுள் தண்டனை விதித்த நீதிபதிகளுக்குத் தலைமை வகித்தவர், டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளியினரான நவநீதம் பிள்ளை. 2007-இல் மேல்முறையீட்டு மன்றம் அத்தண்டனையை 30 ஆண்டாகக் குறைத்தது. படுகொலை தொடங்குமுன் ஒலிபரப்பானவை பகைமையை வளர்த்தனவேனும், நேரடித் தூண்டுதலென நிறுவப்படவில்லை என்று அது கருதிற்று.

ஆகவே, கொல்லென்னும் சொல்லைச் சட்டம் பிடிக்கிறது. அதற்கு நிலத்தைப் பண்படுத்தும் பொய்யோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. பன்மொழி மக்களிடையே வாழும் நாம், அயலாரைப் பழிக்கும் செய்தியை ஆராயாது பிறர் செவிக்குக் கொண்டுசெல்லாதிருப்போமாக.