அம்மை இறங்கிய பிறகு

நேற்று பேத்திக்கு இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டுவந்தோம். அதிலிருந்து தம்பி நினைப்பாகவே இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். வரலாற்று வகுப்பில் பொறுத்துக்கொண்டதுபோல் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964 பங்குனியில் எனக்கும் தம்பிக்கும் மணல்வாரி அம்மை போட்டது. எனக்கு எட்டு வயது, அவனுக்கு நாலு. வேப்பிலைப் படுக்கை, தலைக்குத் தண்ணீர், மாரியம்மனுக்குக் கூழ் எல்லாம் ஆயிற்று. இருவரும் எழுந்து ஓடியாடினோம். ஐந்து வாரம் கழித்து அவனுக்கு வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் போய்விட்டான். அதற்கு முதல்நாள் அவனுக்கு நுங்கு கொடுத்தது அம்மா. அதுதான் பிள்ளையைக் கொன்றது என்று கடைசிவரை நம்பினார்.

வியன்னாவில் கிளெமென்ஸ் வான் பிர்கே என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார். நாம் இன்று சாதாரணமாகச் சொல்கிறோமே 'அலர்ஜி', அந்தச் சொல் 1906-இல் அவர் உண்டாக்கியது. மறு வருடம் காசநோய்க்கு ஒரு சோதனை கண்டுபிடித்தார். முன்கையில் லேசாகக் கீறி ட்யூபர்குலின் சொட்டு வைப்பது. காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்த உடம்பென்றால் ஓரிரு நாளில் அந்த இடம் சிவந்து தடிக்கும். ஆனால் தட்டம்மை கண்ட பிள்ளைகளிடம், முன்பு தடித்த அதே கை இப்போது தடிக்கவில்லை. கிருமி எங்கும் போய்விடவில்லை. உடம்புதான் அதைக் கண்டும் சும்மா இருந்தது. சில நாளில் மறுபடி தடிக்க ஆரம்பித்தது. 1908-இல் இதை எழுதிவைத்தார். ஒரு நோய்க்கிருமி நம் எதிர்ப்புச் சக்தியையே அடக்கும் என்பதற்குக் கிடைத்த ஆரம்பகாலச் சான்று இது.

முழுக்கதையும் தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் ரத்த அணுக்களைத் தேடிப்பிடித்து அழிக்கிறது தட்டம்மை வைரஸ். 2013-இல் நெதர்லாந்தில், மத நம்பிக்கையால் தடுப்பூசி போடாத ஊர்களில் தட்டம்மை பரவியது. நோய்க்கு முன்னும் பின்னும் 77 பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். 2019-இல் முடிவு வந்தது: மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்துவைத்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணவில்லை! ஊசி போட்ட பிள்ளைகளிடம் இந்த இழப்பு இல்லை. இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய மரணக் கணக்குகளைப் பார்த்தவர்கள், தட்டம்மைக்குப் பின் இரண்டு மூன்று வருடம்வரை பிள்ளைகள் வேறு தொற்றுகளுக்கு எளிதில் பலியானார்கள் என்று 2015-இலேயே சொல்லியிருந்தார்கள்.

அம்மை இறங்கிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருந்த வாரங்கள் அவை.

அமெரிக்காவில் ஊசிக்கு அனுமதி கிடைத்தது 1963-இல். நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது 1985-இல். தம்பியின் பங்குனி இரண்டுக்கும் நடுவே.

அவனைக் கொண்டுபோனது இதுதான் என்று நிரூபிக்க என்னிடம் சான்றில்லை; வரலாறு சொல்லிக்கொடுத்தவன் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. நுங்கு அல்ல என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். 2009-இல் அவர் காலமாகும்வரை எங்கள் வீட்டுக்குள் நுங்கு வந்ததில்லை.

நேற்று ஊசி போட்டுத் திரும்பும் வழியில் நுங்கு விற்றார்கள். வாங்கினேன். பேத்தி இரண்டு சுளை தின்றாள்.