ஏடும் வட்டும்

எம்மூரிற் கட்டப்பட்ட "அன்னபூரணி" என்னும் பாய்க்கப்பல் மகாசமுத்திரங்களைக் கடந்து, 1938ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் குளோஸ்டர்த் துறைமுகத்தைச் சென்றடைந்த வரலாற்றை அறியாத பிள்ளை வல்வெட்டித்துறையில் இல்லை. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்ட, எம்மவரே மாலுமிகளாய் அதனைச் செலுத்திச் சென்றனர். இதனைப் பெருமையோடு பேசும் நாம், இதற்குரிய எழுத்துச் சான்று எங்கே தங்கியிருந்தது என்பதைப் பெரிதும் எண்ணுவதில்லை. 1989 ஆகஸ்டில் இவ்வூர் எரிந்தபோது வீடுகளோடு எத்தனை பெட்டகங்கள், எத்தனை கடிதங்கள், எத்தனை படங்கள் எரிந்தன என்பதை யார் கணக்கெடுத்தார்? கப்பல் கரைசேர்ந்த செய்தியை அமெரிக்கப் பத்திரிகைகள் அன்றே அச்சிட்டு வைத்திருந்தன. எம்மூரின் தீ அத்தனை தூரம் எட்டவில்லை.

ஒரு பிரதியை எங்கே வைப்பது, எத்தனை வைப்பது, எப்போது புதுக்குவது என்னும் இவ்விடயத்தில் எம் முன்னோர் அனுபவசாலிகள். பனையோலை எத்துணை நன்றாகப் பாடஞ்செய்யப்பட்டாலும் செல்லுக்கும் ஈரத்துக்கும் ஒருநாள் இரையாவதே. ஆதலின் தலைமுறைக்கொருமுறை ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினர். சரசுவதி பூசைக்கு ஏடுகளை எடுத்துத் தூசி தட்டி, எண்ணெய் பூசி, பூசையில் வைத்து, மறுநாள் விசயதசமியன்று திறந்து படித்தனர். பக்தி ஒருபுறமிருக்க, ஆண்டுக்கொரு முறையேனும் ஒவ்வோர் ஏடும் கண்பார்வைக்கு வந்தது என்பதே இங்கு நாம் கருதற்பாலது.

பிரதி பண்ணுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. எழுதுவோன் ஒரு சொல்லைப் பிழைத்தால் அப்பிழை அடுத்த ஏட்டிலும் ஏறும். பழைய ஏட்டை எறிந்துவிட்டால் திருத்த வழியே இல்லை. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியபோது, பல இடங்களிலிருந்தும் ஏடுகளை வருவித்து ஒப்புநோக்கியே பாடங்களைத் தீர்மானித்தார். தொட்டவிடத்தில் ஒடியும் ஏடுகளைக் கண்டு அவர் கொண்ட துயரத்தை அவருடைய பதிப்புரையைப் படித்தோர் அறிவர். ஒரே ஏட்டை நம்பியிருந்தால் அவரால் என்ன செய்திருக்க முடியும்?

அச்சு வந்த பின்னர் எமக்குச் சற்றே மெத்தனம் வந்துவிட்டது போலும். 1981ஆம் ஆண்டு மே 31ஆந் தேதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. அதே நாட்களிலேயே "ஈழநாடு" பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் தீக்கிரையாயின. ஒரு பிரதி நூலகத்தில், மற்றொன்று பத்திரிகைக் காரியாலயத்தில், தவறினால் கடையில் என்று நம்பியிருந்தவர் எவராயினும் மூன்றையும் ஒருங்கே இழந்திருப்பார். மயில்வாகனப் புலவரின் "யாழ்ப்பாண வைபவமாலை" முன்னரே அச்சேறியும், 1879இல் பிறிற்றோ என்பவரால் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டும் பரவியிருந்தபடியால் இன்றும் எம் கைக்கு எட்டுகின்றது. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளோ போனவை போனவைதாம்.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வன்வட்டுப் பொறி ஐம்பது பெருந் தட்டுக்களும் ஏறத்தாழ ஒரு தொன் நிறையும் உடையது. அதில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துக்களே. இன்று "ஹார்ட் டிஸ்க்" என்று கடையில் விற்கும் கையடக்க வட்டில், எரிந்த நூலகத்தின் 97,000 நூல்களையும் வெறும் எழுத்தாக ஏற்றினால் அடங்கிவிடும். கைதவறி விழுந்தாற் போதும், அத்தனையும் போய்விடும். அதற்குத் தீ வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் எம்மவர் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றி உலகெங்கும் எட்டச் செய்துள்ளன. ஆனால் ஊர்ச் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களும் விழாப் படங்களும் சங்கத்தாரின் பொறுப்பன்றோ?

இவ்விடத்தில் எமது குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எமது பழைய மலர்களையும் படங்களையும் கணினியில் ஏற்றி, இரண்டு வெளி வட்டுக்களிற் பிரதி செய்து, கணினியோடு ஒரே அலுமாரியில் வைத்திருந்தோம். 2018 மாரியில் கூரை ஒழுகியது. மூன்றும் நனைந்தன. நெல்லியடியில் ஓர் அன்பர் வீட்டில் மற்றொரு வட்டு இருக்கிறதே என்று ஓடினோம். கோப்புகளின் பெயரெல்லாம் வரிசையாய்த் தெரிந்தன. படங்களிற் பெரும்பாலானவை திறக்கவில்லை. எழுதிய நாள் முதல் அதனை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. "இந்தப் பெட்டிக்குள் மலர் இருக்கிறதென்று எப்படித் தம்பி நம்புறது?" என்று பெரியவர் ஒருவர் தொடக்கத்திலேயே கேட்டபோது நாம் சிரித்தோம். படங்களின் மூலங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்திருந்தோம். அவர்களிற் பலர் கனடாவிலும் இலண்டனிலும். எழுதிக் கேட்டதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது.

அதன்பின் மூன்று புதிய வட்டுக்களை வாங்கி இலக்கமிட்டோம். கணினித் துறையினர் நாடாக் காலத்திலிருந்தே இம்முறையைப் பாட்டன், தந்தை, மகன் என்று உறவுமுறை சொல்லியே அழைப்பர். புதிதாய் எழுதியது மகன். அதற்கு முந்தியது தந்தை. அதற்கும் முந்தியது பாட்டன். அடுத்த முறை எழுதும்போது பாட்டன் வட்டையே அழித்து எழுதுதல் வேண்டும். கெட்டுப்போன கோப்பு ஒன்று அறியாமல் மகனில் ஏறிவிட்டாலும் தந்தையிடத்தில் நல்லது இருக்கும். தாமோதரம்பிள்ளையவர்கள் பழைய ஏட்டைத் தேடியதும் இதன்பொருட்டே.

எழுதி முடிந்ததும் வட்டைக் கணினியிலிருந்து கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவியது போன்ற, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நச்சுநிரல் புகுந்தால், பொருத்தியிருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும். எம்மூரில் உப்புக்காற்றும் ஒரு சத்துரு. காற்றுப்புகாத டப்பாவில் ஈரமுறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கின்றோம். இன்னும் ஒன்று: மாற்றிக்கொள்ளும் நாளிற்கூட மூன்றும் ஒரு கூரையின்கீழ்ச் சேரலாகாது. இதிலே இளைஞர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. இரு பயணம் செல்லவேண்டியிருக்கிறதே என்பர். செல்லத்தான் வேண்டும்.

சரசுவதி பூசையன்று ஊரிலுள்ள வட்டைப் புத்தகங்களோடு பூசையில் வைத்து, விசயதசமி காலையில் சிறுவர்களைக் கொண்டே திறப்பிக்கின்றோம். எழுந்தமானமாக இருபது படங்களைத் திறந்து, பெரியோர் முன்னிலையில் யார் யார் என்று பெயர் சொல்லுவிக்கின்றோம். சென்ற ஆண்டு இரண்டு படங்கள் திறக்கவில்லை. முந்தைய வட்டிலிருந்து அவை மீட்கப்பட்டன.

இப்போது முதலாம் இலக்கம் இங்கேயும், இரண்டாம் இலக்கம் கொழும்பிலும், புதிதாய் எழுதிய மூன்றாம் இலக்கம் நெல்லியடியிலும் இருக்கின்றன. தைப்பொங்கலுக்கு ஊர்வரும் அன்பர் திரும்பும்போது மூன்றாம் இலக்கத்தைக் கொண்டுசெல்வார். அது கொழும்பிற் சேர்ந்து, திறந்து பார்த்தாயிற்று என்று சேதி வந்த பின்னரே இரண்டாம் இலக்கம் அங்கிருந்து புறப்படும்.