தறி இல்லாத தறிப்பேட்டை

நம் சங்கத்தின் மூத்தோர் குழு தொடங்கிய ஞாயிறு நடையில் மயிலாப்பூரும் ஜார்ஜ் டவுனும் முடிந்துவிட்டன. அடுத்தது சிந்தாதிரிப்பேட்டை என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டதும், "அங்கே பார்க்க என்ன சார் இருக்கு? மீன் மார்க்கெட்டும் கூவமும்தானே?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மயிலாப்பூரைப் போலக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும் நடையல்ல இது. கொஞ்சம் கதை தெரிந்துகொண்டு போனால்தான் அந்தத் தெருக்கள் பேசும். அதனால் வருவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வர இயலாதவர்களும் படிக்கலாம், முழங்கால் வலிக்காது.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் சிந்தாதிரிப்பேட்டை நிலையத்திலேயே இறங்கிவிடலாம். இறங்கியதும் அவசரப்பட்டுப் படி இறங்க வேண்டாம். மேலேயிருந்து ஒரு நிமிடம் ஆற்றைப் பாருங்கள். எழும்பூர்ப் பக்கமிருந்து வரும் கூவம் இந்த இடத்தில் ஒரு லாடம் போல வளைந்து போகிறது. பேட்டை அந்த லாடத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. மூன்று பக்கம் ஆறு, நான்காவது பக்கம் அண்ணா சாலை. கோட்டைக்கோ நடந்து போகும் தூரம். கோட்டையில் வியாபாரம் செய்தவர்களின் கண் இந்த வளைவின் மேல் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

முதலில் விழுந்தது சுங்குராமரின் கண். கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி பிடித்துக் கொடுத்த தலைமை வியாபாரிகளில் அவர் ஒருவர். அந்தக் காலத்தில் பெரிய செல்வாக்கு. ஜார்ஜ் டவுனில் அவர் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. போன நடையில் அதைக் கடந்துதான் போனோம். கூவத்தின் இந்த வளைவில் அவருக்கு ஒரு பெரிய தோட்டம் இருந்தது. 1730ல் கவர்னராக வந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் சுங்குராமரின் செல்வாக்கு சரிந்தது. 1734ல் அவர் தோட்டத்தைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, அங்கே நெசவாளர்களுக்கென்று ஒரு புதிய ஊரை உண்டாக்கியது. சின்னத் தறிப்பேட்டை என்று மக்கள் சொன்னது நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பெயரிலேயே தறி இருக்கிறது. ஊரில்தான் இல்லை.

கம்பெனிக்கு ஏன் இந்த வேலை? துணி வாங்க வந்தவர்கள் ஊர் கட்டுவானேன்? இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வங்கியில் அட்வான்ஸ் என்ற சொல்லோடு முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். இந்த இடத்தை அவ்வளவு சுலபமாகத் தாண்ட மாட்டேன்.

அன்றைய துணி வியாபாரம் முழுக்க முன்பணத்தில் ஓடியது. கம்பெனி தலைமை வியாபாரியிடம் இத்தனை கட்டு, இன்ன ரகம் என்று ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுக்கும். அவர் சின்ன வியாபாரிகளுக்குக் கொடுப்பார். அவர்கள் ஊர் ஊராகப் போய் நெசவாளியிடம் கொடுப்பார்கள். நெசவாளி அதில் நூல் வாங்கி, அரிசி வாங்கி, நெய்து கொடுப்பார். துணி அதே படிகளில் திரும்பி மேலே ஏறிக் கோட்டைக்கு வரும். அங்கே மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம், இரண்டாம் தரம், தள்ளுபடி. தள்ளுபடியானால் அந்த நஷ்டம் வந்த வழியே படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் யார் தலையில் விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் நெசவாளி அப்படியொன்றும் கையாலாகாதவர் இல்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவர் வேறு ஆளுக்கு நெய்யலாம். தகராறு முற்றினால் தறியைக் கழற்றிக் கட்டிக்கொண்டு ஊரையே விட்டுப் போகலாம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர், பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர் என்று வாங்க ஆள் காத்திருந்தார்கள். கையில் தொழில் உள்ளவனை யாரும் கட்டிவைக்க முடியாது என்பது அன்று நிஜமாகவே நிஜம். அதனால் கம்பெனி அவர்களை அழைத்துக் குடியேற்ற வேண்டியிருந்தது. நடுவில் இருக்கும் தரகர்களைக் குறைக்கலாம், தரத்தைக் கண்ணெதிரே பார்க்கலாம் என்பது கணக்கு. சிந்தாதிரிப்பேட்டை இதில் முதல் முயற்சியும் அல்ல. கவர்னர் காலட் இதற்குப் பதினைந்து வருடம் முன்பே திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு நெசவாளர் ஊரை உண்டாக்கினார். அதுதான் காலடிப்பேட்டை, காலட் பேட்டைதான் அப்படித் திரிந்தது, காலடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துணி வெளுப்பவர்களின் வண்ணாரப்பேட்டை உங்களுக்குத் தெரிந்ததே. சென்னையின் பாதிப் பேட்டைகளைத் துணிதான் உண்டாக்கியது என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

உள்ளே நுழைந்ததும் தெருக்களைக் கவனியுங்கள். தானாக வளர்ந்த ஊரின் சந்துகளைப் போல இல்லாமல், கோடு போட்டுப் பிரித்தது போல நேராக ஓடும் தெருக்கள் பல. தறியில் ஏற்றும் முன் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு உலர்த்த வேண்டும். அதற்கு நீண்ட தெரு வேண்டும், மர நிழல் வேண்டும். காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தெருவில் பாவு போடுவதைப் பார்த்தவர்கள் இங்கே நின்று கண்ணை மூடினால் போதும். கண்ணைத் திறந்தால் இரண்டு பக்கமும் நிறுத்தியிருக்கும் டூ வீலர்கள்தான்.

நெசவாளர்களோடு நூல் நூற்பவர்கள், துணி வெளுப்பவர்கள், துணியில் சாயம் தீட்டி எழுதும் ஓவியர்கள், கோயில் காரியங்களுக்கு அந்தணர்கள், ஆடல் மகளிர் என்று இந்த ஊரில் யார் யார் குடியிருக்கலாம் என்பதையே கம்பெனி வரையறுத்து வைத்தது. நம் சங்கத்தின் விதிமுறைப் புத்தகம் பரவாயில்லை என்று தோன்றுகிறதா?

அந்தப் பட்டியலில் என்னை நிறுத்தியது சாயம் தீட்டுபவர்கள். ஏனென்றால் 1734ல் இங்கிலாந்தில் அவர்கள் துணியை உடுத்தவே கூடாது. இந்தியச் சித்திரத் துணிகள் அங்கே அவ்வளவு விற்றன. கம்பளி, பட்டு நெய்த உள்ளூர்க்காரர்கள் கலகம் செய்தார்கள். 1700ல் ஒரு சட்டம், 1721ல் இன்னொரு சட்டம் போட்டுத் தடுத்தார்கள். லண்டனுக்குக் கொண்டுபோய் அங்கிருந்து வேறு நாடுகளுக்கு விற்கலாம். உள்ளூரில் உடுத்தினால் அபராதம். இத்தனைக்கும் பிறகு கம்பெனி இங்கே ஓவியர்களுக்கு ஊர் கட்டியது என்றால், மறு ஏற்றுமதியில் எவ்வளவு லாபம் இருந்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டையின் நடுவில் ஆதிபுரீஸ்வரர் கோயிலும் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. சிவனும் பெருமாளும் பக்கத்து வீட்டுக்காரர்கள். கவர்னர் பென்யனின் துபாஷியாக இருந்த ஆதியப்ப நாராயணர் தம் செலவில் இவற்றைக் கட்டினார். இரண்டு சாமி பெயரிலும் ஆதி வருவது அவர் பெயரை நினைவில் வைத்துத்தான் என்பார்கள். கட்டியவர் பெயரைக் கல்லில் வெட்டுவார்கள். இவர் மூலவருக்கே வைத்துவிட்டார். சாமர்த்தியசாலி. குடியேற வந்தவர்களுக்கு வீடு மட்டும் போதாது, இரண்டு தரப்புக்கும் கோயிலும் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கோயிலைப் பார்த்துவிட்டு சீயோன் தேவாலயத்துக்குப் போவோம். 1847ல் அமெரிக்க மிஷன் கட்டியது. அந்த மிஷனைச் சென்னையில் தொடங்கியவர்களில் ஒருவர் டாக்டர் ஜான் ஸ்கடர். யாழ்ப்பாணத்தில் பல வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு 1836ல் சென்னை வந்தவர். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. அவரோடு வந்த இன்னொருவர் வின்ஸ்லோ, 1862ல் பெரிய தமிழ்–ஆங்கில அகராதியை வெளியிட்டவர். பிற்பாடு சீயோன் ஆலயத்தில் நீண்ட காலம் போதகராக இருந்தவர் டபிள்யூ.டி. சத்தியநாதன். மருத்துவக் கல்லூரியில் படிக்க 1878ல் சென்னைக்கு வந்த கிருபாபாய் என்ற பெண் அவர் வீட்டில்தான் தங்கினார். உடல்நிலை படிப்பைத் தொடர விடவில்லை. அந்த வீட்டுக்கே மருமகளானார். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவராகப் பெயர் பெற்று, 1894ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருடைய 'சகுணா'வை வாசித்தவர்கள் நம் குடியிருப்பில் யாராவது இருந்தால் நடையில் பேசச் சொல்லிக் கேட்கலாம்.

ரயில் ஆர்வலர்களுக்கு ஒரு செய்தி. தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் 1856ல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு இருபது வருடம் முன்பே, 1836ல், சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சோதனைக்காகக் கொஞ்ச தூரம் தண்டவாளம் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சோதனைக்குப் பிறகுதான் செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றி வரும் பாதை வந்தது. இப்போது அங்கே அடையாளம் ஒன்றும் கிடையாது. அதனால் நின்று போட்டோ எடுக்க வேண்டாம்.

தறிகளுக்கு என்ன ஆயிற்று? நாட்டின் அதிகாரம் கம்பெனியின் கைக்கு வந்ததும், நெசவாளி விரும்பிய இடத்துக்குப் போகும் சுதந்திரம் போனது. பிறகு லங்காஷயர் ஆலைத் துணி வந்து இறங்கியது. 1833ல் போட்ட சட்டம் கம்பெனியின் வியாபாரத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டது. வாங்குவதற்காக ஊர் கட்டியவர்களே வாங்குவதை விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். பேட்டை சாகவில்லை, மீன், மோட்டார், பம்பு, அச்சகம் என்று கைக்கு வந்ததைப் பிடித்துக்கொண்டு பிழைத்துக்கொண்டது.

மறுபடி ஆற்றுக்கு வருவோம். மீன் மார்க்கெட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், கூட்டம் நெரியும். கூவத்தின் நாற்றத்தைப் பற்றி நான் எழுதிப் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இதே ஆற்றில், பக்கத்திலிருக்கும் கோமளீசுவரன்பேட்டையில், பச்சையப்ப முதலியார் தினமும் நீராடிவிட்டுச் சாமி கும்பிடப் போவார் என்று சொல்வார்கள். அவர் இறந்தது 1794ல். ஆறு அதற்குப் பிறகுதான் சாக்கடையானது. அதைச் சாக்கடையாக்கியது கரையில் குடிசை போட்டவர்கள் மட்டுமா? நம்மைப் போன்ற மாடி வீடுகளின் கழிவு எங்கே போய்க்கொண்டிருந்தது?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவக் கரையோரக் குடியிருப்புகள் பலவற்றை இடித்து, அங்கிருந்தவர்களைப் பெரும்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். 2021ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் 20 கிலோமீட்டருக்கு மேல். மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கியவர், அண்ணா சாலைக் கடைகளைப் பெருக்கியவர், பள்ளிப் பிள்ளைகள் எல்லோருடைய நாளும் அந்தத் தூரத்தில் மாறிப்போனது. வெள்ளத்தில் மூழ்கும் கரையில் யாரும் வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கான்கிரீட் வீடு குடிசையைவிட மேல் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் லாபத்துக்காக ஊர் கட்டிய கம்பெனிகூட, தறி போட இடம், நேரான தெரு என்று தொழிலை முதலில் யோசித்தது. தொழிலாளி போய்விடுவான் என்ற பயம் அதற்கு இருந்தது. இங்கே அந்தப் பயம் யாருக்கும் இல்லை. வீடு வந்தது, வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

அந்த அடுக்குமாடிகள் நம் வளாகத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து நம் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், லிப்டைத் துடைப்பவர்கள், இரவுக் காவலுக்கு உட்காருபவர்கள் ஆகியோரில் கூவக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1734ஐப் பற்றி நான் சொல்லிவிடுவேன். அதற்குப் புத்தகம் போதும். ஆற்றங்கரை 2015 வரை எப்படி இருந்தது, தண்ணீர் எந்தப் படி வரை ஏறும், மீன் லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தக் கோயில் திருவிழாவுக்கு யார் பந்தல் போடுவார்கள் என்பதெல்லாம் அங்கே வாழ்ந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அதனால் இந்த நடைக்கு, விருப்பமிருக்கும் இரண்டு பேரை வழிகாட்டிகளாக அழைக்கலாம் என்பது என் யோசனை. ஞாயிறு அவர்களுக்கும் ஓய்வு நாள்தான். சும்மா வரச் சொல்வது முறையல்ல. ஆளுக்கு ஒரு நாள் கூலி, போக்குவரத்துச் செலவு, காலைச் சிற்றுண்டி. நடையில் வருபவர்களின் பங்குத் தொகையிலிருந்தே இதைக் கொடுத்துவிடலாம், சங்கக் கணக்கில் கை வைக்கத் தேவையில்லை. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஆதரவாகக் கை தூக்க நாலு பேர் வந்தால் நல்லது.