தங்கவயலில் நிலநூல் பயிலுதல்

கோலார்த் தங்கவயல் என்றதும், மும்பையிலோ டில்லியிலோ குடியேறி வாழும் நம்மவர் நினைவுக்கு வருவது பொன். அடுத்தபடியாக, வட ஆர்க்காட்டிலிருந்து அங்கே பிழைக்கப் போன பாட்டனார். நிலநூல் பயிலும் கல்லூரி மாணவருக்கோ அவ்வூர் வேறொரு பாடம் வைத்திருக்கிறது. அதனை நடந்துதான் படிக்கவேண்டும்.

முதலில் பெத்தபள்ளிக்குச் செல்வோம். அங்கே கரும்பாறைகள் தலையணைகளை அடுக்கினாற்போல் கிடக்கின்றன. நீருக்கடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பு, குளிர்நீர் பட்டு மேற்புறம் உறைந்தால் இவ்வடிவம் கொள்ளும். கடலையே காணாத இம்மேட்டுநிலம் ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் நீருக்கடியில் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. தலையணையின் குவிந்த பக்கத்தை மாணவர் குறித்துக்கொண்டால், அன்று அப்பாறைக்கு மேற்புறம் எது என்பதும் விளங்கும். இவ்விடம் தேசிய நிலவியல் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது.

இங்குச் சுரங்க வரலாறும் களத்தில் கண்டறிந்ததாகவே தொடங்கியது. 1802-இல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன் என்ற இராணுவ அதிகாரி, ஊரார் மண்ணை அலசிப் பொன் எடுப்பதை அறிந்து எழுதிவைத்தார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது; 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாழத்தில் பாறை தானே வெடித்து ஆட்களை மாய்த்தது. பாறையைத் தட்டி ஓசையறிந்து உயிர் காத்த நம் தொழிலாளருக்கு எக்கல்லூரியும் பட்டம் வழங்கியதில்லை. பாறையின் இயல்பை ஆராயும் தேசிய நிறுவனம் இங்கே ஏற்பட்டது 1988-இல்தான்!

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் வெளியே போன பொன் சுமார் 800 டன். கல்லைப் பொடித்து, சயனைடு நீரால் பொன்னைக் கரைத்தெடுத்தபின் எஞ்சிய பொடியோ 3 கோடி டன்னுக்கும் மேல். மொழிபெயர்க்கும் அறிக்கைகளில் நாம் இதனைக் ‘கழிவு’ என்று எழுதிவருகிறோம். ஊரார் சயனைடு மலை என்கின்றனர். அவர்கள் சொல்லே சரி. மழை அதனை அரித்து ஓடைகளில் இறக்குகிறது. காற்று அதனைக் குடியிருப்புகளுக்குள் கொண்டுசெல்கிறது.

பெத்தபள்ளியில் கல்லைத் தட்டிய மாணவர் இம்மலையடிக்கும் வரவேண்டும். எம்மாதக் காற்றில் எத்தெருவுக்குத் தூசி வருமென்று அங்குள்ள முதியவரைக் கேட்டு, அத்தெருவின் கிணற்று நீரையும் சன்னலில் படிந்த பொடியையும் எடுத்துச் சோதித்து, கண்ட முடிவை அம்முதியவரிடமே திரும்பிவந்து சொல்லவேண்டும்.