ஐந்து மில்லிகிராம்

எங்க ஊர் பட்டாபிராம் வழியாகப் போகும் தண்டவாளத்துக்கு வயது அதிகம். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தப் பக்கமாகத்தான் ஓடியது. மேற்கே போனால் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்கள். நான் எதிர்த்திசையில், சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே முதலில் என் வாயில் நுழைந்த பெயர் பென்டாகுளோரோபீனால்.

ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போட்ட மருந்து அது. மலிவு, நல்லா வேலை செய்யும், நஞ்சு. 1989 டிசம்பரில் ஜெர்மனி தடை போட்டது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அங்கே விற்க முடியாது. தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதி ஆடிப்போனது. சீக்கிரமே இந்தியாவும் அதைத் தடை செய்தது.

பத்து லட்சத்தில் ஐந்து பங்கை எப்படிப் பிடிப்பது? கேஸ் குரோமட்டோகிராஃபில்தான். (பாடப்புத்தகத்தில் இதற்கு வண்ணப்பிரிகை என்று பெயர். வண்ணம் எதுவும் கண்ணில் படாது.) பீனாலை அப்படியே ஏற்றினால் குழாயில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். அதனால் முதலில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு கலந்து அதன் வாயைக் கட்டுவோம். குழாயின் கடைசியில் 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் கண்டுபிடித்த உணர்கருவி. உள்ளே எலக்ட்ரான்கள் ஓடி ஒரு சின்ன மின்னோட்டம் இருக்கும். குளோரின் உள்ள பொருள் வந்தால் அது எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ள, மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் கணக்கு. இந்த மருந்தில் ஐந்து குளோரின், தப்பிக்கவே முடியாது.

மண்ணிலும் இதே கருவியில் அளக்கலாம், ஆனால் வம்பு அதிகம். காரமண்ணில் அது உப்பாகி நீரோடு நகரும். அமிலமண்ணில் மட்கைக் கட்டிக்கொண்டு உட்காரும். அதனால் அமிலம் ஊற்றி, மறுபடி பீனாலாக்கி, ஹெக்ஸேனில் இறக்க வேண்டும். மட்கிலிருந்து வேண்டாததெல்லாம் கூடவே வரும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கு. அந்த 5 மில்லிகிராமோ செருப்புக்கான அளவு, செருப்பு செய்த ஊர் மண்ணுக்கானது இல்லை.

பயிற்சி முடியும்வரை என் மேசைக்கு வந்ததெல்லாம் ஷூ, பெல்ட், கைப்பை. ஒருநாள் மூத்தவரிடம், "மண்ணு ஸாம்பிள் வராதா சார்?" என்றேன்.

"யாருப்பா காசு கட்டி அனுப்புவா?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை.