டிஸ்க்குக்குள் குடியேறிய நாடா

பழைய அரை அங்குலக் காந்த நாடாச் சுருளின் பின்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் செருகியிருக்கும். வளையம் இருந்தால் சுருளில் எழுதலாம். கழற்றிவிட்டால் படிக்க மட்டுமே முடியும். 1960, 70களின் கணினி அறைகளில் பேக்கப்பைக் காத்து நின்ற மலிவான காவலாளி இதுதான். எந்தச் சுருளில் மறுபடி எழுதலாம், எது அலமாரியிலேயே கிடக்கட்டும் என்பதையெல்லாம் மனிதக் கை முடிவு செய்தது. சுருள் தீர்ந்தால் இயந்திரம் நின்று அடுத்ததை மாட்டச் சொல்லும்.

கணினி நாடா 1951இல் யூனிவாக் கணினியோடு வந்தது. அது உலோக நாடா. மறு ஆண்டே ஐபிஎம் தனது 726 இயந்திரத்தில் பிளாஸ்டிக் நாடாவைக் கொண்டுவந்தது. ஒரு சுருளில் சுமார் 2 மெகாபைட்தான் அடங்கியது. சுருள்கள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் எது எது என்ற குழப்பம் கிளம்பியது. வெளியே ஒட்டிய காகிதச் சீட்டை நம்ப முடியாது. ஆகவே ஐபிஎம்மின் மெயின்பிரேம்களில் நாடாவின் தலைப்பிலேயே 80 எழுத்து நீளமுள்ள அடையாளத்தைக் காந்தமாக எழுதினார்கள். முதலில் ‘வால் 1’ (VOL1), அதையடுத்து ஆறு எழுத்து வரிசை எண். தவறான சுருளை மாட்டினால் இயந்திரம் ஏற்காது. பேக்கப் மென்பொருள்கள் இன்றும் வால்யூம் என்று சொல்லும் பண்டத்தின் பிறப்பிடம் இதுவே.

சுழற்சிக்கும் ஒரு குடும்ப முறை இருந்தது: அன்றாடச் சுருள் மகன், வாரச் சுருள் தந்தை, மாதச் சுருள் பாட்டன்.

பிறகு டிஸ்க் மலிவானது. மென்பொருள்கள் நாடாவையே எதிர்பார்த்துப் பழகியிருந்ததால், டிஸ்க்குக்கு நாடா வேஷம் கட்டினார்கள். 1997இல் ஐபிஎம் வெளியிட்ட மெய்நிகர் நாடா சர்வர் அப்படிப்பட்டது. அதற்கு வலுவான காரணமும் உண்டு. அப்போதைய புதிய நாடா ஒன்றில் 10 ஜிபி அடங்கியது. மெயின்பிரேம் நிரல்களோ ஒரு சின்னக் கோப்பை எழுதிவிட்டு மிச்சத்தைக் காலியாக விட்டன. புதிய சர்வர் அவற்றை முதலில் டிஸ்க்கில் வாங்கி, பொய் நாடாக்களாகக் காட்டி, பின்னர் உண்மை நாடாவில் நெருக்கி அடுக்கியது.

இந்த வேஷம் முழுமையாகப் பொருந்தியது பாகுலாவில். ஆட்டோடெஸ்க் நிறுவனர்களில் ஒருவரான கெர்ன் சிபால்ட் 2000இல் தொடங்கி 2002இல் பொதுவில் விட்ட திறந்த மூல மென்பொருள் அது. பேக்கப்பும் டிராகுலாவும் கலந்த பெயர். குறும்பு பெயரோடு நிற்கவில்லை: வால்யூமின் தலைப்பில் அது பொறிக்கும் முத்திரை ‘பாகுலா 1.0 சாகாவரம் பெற்றது’ என்ற பொருள் தரும். அதற்கு முந்தைய பதிப்பின் முத்திரையோ ‘0.9 சாகக்கூடியது’.

பாகுலாவுக்கு டிஸ்க்கில் உள்ள ஒரு சாதாரணக் கோப்பும் நாடாதான். அதற்கு லேபிள் உண்டு, பூல் என்னும் கூட்டம் உண்டு, எத்தனை நாள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற கெடு உண்டு. தானாக ஓடும் டிஸ்க் பேக்கப்புக்கு அதன் கையேடு தரும் எடுத்துக்காட்டில் மூன்று பூல்கள்: முழு பேக்கப்புக்கு ஆறு மாதம், கடைசி முழு பேக்கப்புக்குப் பின் மாறியதை எடுக்கும் டிஃபரென்ஷியலுக்கு 40 நாள், முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டலுக்கு 20 நாள். பாட்டன், தந்தை, மகன் மூவரும் கான்ஃபிகரேஷன் வரிகளாக மாறியிருக்கிறார்கள்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். நாடாவுக்கு முனை உண்டு, கோப்புக்குக் கிடையாது. அளவு உச்சவரம்போ, இத்தனை வேலை அல்லது இத்தனை நாள்தான் என்ற வரையறையோ வைக்காவிட்டால், பாகுலா ஒரே கோப்பின் வாலில் இரவுதோறும் எழுதிக்கொண்டே போகும். கெடு எண்ணப்படுவது கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து. தினமும் எழுதினால் கெடு ஒருநாளும் தீராது. டிஸ்க் மட்டும் நிரம்பிவிடும். அந்தக் காலச் சுருளின் நீளம் சொல்லாமலே செய்த வேலையை நிர்வாகி இப்போது எழுதியே வைக்க வேண்டியதாயிற்று.

கெடு தீர்ந்த பிறகும் வியப்பு காத்திருக்கிறது. பாகுலா தன் பதிவேட்டிலிருந்துதான் விவரங்களை நீக்குகிறது. கோப்பு ஒரு பைட்கூடச் சுருங்காது. வேறு இடம் இருக்கும்வரை பழைய தரவைத் தொடாமல் வைத்திருப்பது அதன் கொள்கை. அலமாரியில் சுருள்கள் அடுக்கியிருந்த காலத்தில் அது புத்திசாலித்தனம். எல்லோரும் பங்கிடும் ஒரே டிஸ்க்கில் அது எரிச்சல். இப்படி விவரம் நீக்கிய வால்யூமைச் சுருக்கும் கட்டளையைப் பின்னாளில்தான் சேர்த்தார்கள்.

வால்யூம் கணக்கையே கைவிட்ட வழியும் உண்டு. 2002இல் பெல் ஆய்வகத்தின் ஷான் குயின்லனும் ஷான் டார்வர்டும் விவரித்த வென்டி, தரவைத் துண்டுகளாக்கி, ஒரே மாதிரித் துண்டை ஒருமுறை மட்டும் சேமித்தது. அங்கே பழையதை அழிக்கும் கேள்விக்கே இடமில்லை, எழுதியது எழுதியதுதான். அதே துண்டு முறையில் பின்னால் வந்த ரெஸ்டிக், பழைய பிரதியை மறப்பதற்கு ஒரு கட்டளையும், உண்மையில் இடத்தை விடுவிப்பதற்கு இன்னொன்றும் வைத்திருக்கிறது. ஒரு துண்டைப் பல பிரதிகள் பகிரும்போது, இனி யாருக்கும் தேவையில்லாதது எது என்று தேடிப் பார்த்தே அழிக்க வேண்டும்.

நாடாவின் எல்லாக் குணத்தையும் டிஸ்க் கடன் வாங்கிவிட்டது, ஒன்றைத் தவிர. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் மிகச் சிறு பகுதியினரின் அஞ்சல்கள் காணாமல் போயின. கூகிள் பல தரவு மையங்களில் வைத்திருந்த பிரதிகளும் அதில் தப்பவில்லை. இணைப்பில் இல்லாத நாடாக்களைப் பிழை எட்டவில்லை. அஞ்சல்கள் அவற்றிலிருந்துதான் திரும்பின. வேறொரு மையத்திலிருந்து எடுத்திருந்தால் மில்லிசெகண்டுகளில் முடிந்திருக்கும் வேலை, நாடாவிலிருந்து மணிக்கணக்கில் இழுத்தது என்று கூகிளே விளக்கம் தந்தது.