ஊவா மலைநாடும் பூரண சூரிய கிரகணமும்

மன்மத வருஷம் ஆனி மாதத்து அமாவாசை ஒரு திங்கட்கிழமையில் வாய்த்தது. ஆங்கிலக் கணக்கில் அது 1955 ஜூன் 20. அமாவாசையும் சோமவாரமும் கூடும் நாளில் அரச மரத்தை வலம் வருவது தமிழ்ப் பெண்களின் பழைய நோன்பு. நோன்புக்குரிய அந்தக் காலையில், எட்டு மணி கடந்த சற்று நேரத்தில், இலங்கைத் தீவின் குறுக்கே சந்திரனுடைய முழுநிழல் ஓடி மறைந்தது. அதனைக் காணக் கடல் கடந்து வந்தோர் பலர். தீவின் நடுவிலே, பதுளையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் வாழ்ந்தோர்க்கு அது எவ்வளவு அருகில் வந்தது, எவ்வளவு தொலைவில் நின்றது என்பது ஆராயத்தக்கது.

அது சாதாரணக் கிரகணமன்று. பதினோராம் நூற்றாண்டுக்குப் பின், இருபத்திரண்டாம் நூற்றாண்டு வரையில், அதனினும் நீண்ட பூரண சூரிய கிரகணம் வேறில்லை. பிலிப்பைன் தீவுகளை அடுத்த பகுதியில் சூரியன் ஏழு நிமிடமும் எட்டு வினாடியும் முற்றாக மறைந்திருந்தது. காரணம் எளிது. ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிகத் தொலைவில் இருக்கும். ஆகவே ஜூன் பிற்பகுதியில் சூரிய வட்டம் சற்றுச் சிறிதாகத் தோன்றும். சந்திரனோ அவ்வேளையில் பூமிக்கு அணித்தாக வந்து பெரிதாயிருந்தது. பெரிய மூடி சிறிய விளக்கை நெடுநேரம் மறைத்தது. இலங்கையில் அப்போது சூரியன் கிழக்கே சாய்வாகவே நின்றமையால் நிழல் விரைந்து கடந்தது. பூரணம் நீடித்தது ஏறக்குறைய நான்கு நிமிடமே. நான்கு நிமிடம் என்றாலும் வானியலார்க்கு அது பெருஞ்செல்வம்.

கிரகணங்களுக்கும் குலமுறை உண்டு. 18 ஆண்டு, 11 நாள், 8 மணி அளவில் கழிந்தால் சூரியன், சந்திரன், பூமி ஆகிய மூன்றும் ஏறத்தாழப் பழைய நிலைக்கே திரும்பும். 1955-இல் வந்த கிரகணத்தின் பாட்டன், 1919 மே 29-இல் வந்தது. சூரியனருகே விண்மீனொளி வளைகிறது என்று எடிங்டன் முதலியோர் அளந்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று கண்ட அதே கிரகணம். அதன் வழித்தோன்றல் ஒன்று பொலன்னறுவைச் சீமைக்கு வருகிறதென்றால் விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? ஹிங்குராக்கொடை முதலிய இடங்களில் பல நாட்டாரும் தொலைநோக்கிகளை நாட்டிக் காத்திருந்தனர்.

ஹிங்குராக்கொடைக்கும் பதுளைக்கும் இடையே காக்கை பறக்கும் வழியில் எழுபது மைலுக்குச் சற்று மேல். மையத்தை விட்டு விலக விலகப் பூரணத்தின் காலம் குறுகும். எல்லையைத் தாண்டினால் பிறைதான் மிஞ்சும். ஆகவே ஊவாவிலிருந்து பூரணத்தை நிறைவாகக் காண விரும்பும் குடும்பம் வடக்கே போகவேண்டும். எழுபது மைல் ஒரு பெருந்தொலைவா என்று கேட்கலாம். மலைநாட்டில் மைலை அப்படி எண்ணலாகாது. 1924-இல் பதுளையை எட்டிய இரயில் பாதை வடக்கே போவதில்லை. அது தெமோதரையில் தன் பாதையைத் தானே கீழே கடந்து, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஏறி, 6,000 அடிக்கு மேற்பட்ட பட்டிப்பொலையைத் தாண்டி, நானுஓயா, ஹட்டன் வழியாகப் பொல்காவலைக்கு இறங்கும். அங்கே வண்டி மாறி மாகோவுக்கும், மாகோவில் மட்டக்களப்பு வண்டி பிடித்துக் கல்லோயாச் சந்தி வழியாக ஹிங்குராக்கொடைக்கும் போகவேண்டும். முற்றத்தில் நிற்கும் மாமரத்தைத் தொட ஊரைச் சுற்றி வருவது போன்ற பயணம்.

கங்காணியும் கணக்கப்பிள்ளையும் ஒருவேளை அதனை நினைத்துப் பார்க்கலாம். லயத்துக் குடும்பத்தின் கணக்கு வேறு. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு ‘பேர்’ என்பர். விடியலில் பிரட்டுக்களத்துக்கு வந்து, மலைக்குப் போய், குறித்த அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், வராவிட்டால் பேர் இல்லை. மாத முடிவில் அரிசிக்கும் பிறவற்றுக்கும் கழித்தது போக எஞ்சுவதே கைக்காசு. ஞாயிறன்று புறப்பட்டாலும், திங்களும் செவ்வாயும் கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கு இரண்டு பேர் போய்விடும். அதற்குமேல் வண்டிச் சத்தம்; அதற்குமேல் குழந்தைகளின் சாப்பாடு. நாட்கூலிக்காரன் அகராதியில் விடுமுறை என்ற சொல்லுக்குக் கூலியில்லாத நாள் என்பதே பொருள்.

காசு மட்டுமா தடை? 1948-இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் செய்யத் தவணை 1951 ஆகஸ்ட் 5-உடன் முடிந்தது. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் ஒப்பந்தம் செய்தனர், சிக்கல் அவிழவில்லை. 1955-இல் விண்ணப்பத்துக்கு விடை வராத குடும்பங்கள் லயந்தோறும் இருந்தன. ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல் வழங்கிய காலம் அது. தோட்டத்துக்கு வெளியே, தம்மை அறியாத ஊரில், கையில் தக்க காகிதமில்லாத ஒருவர் வேடிக்கை பார்க்கப் போவதென்றால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்கத்தான் செய்வார். சந்திரனின் நிழலுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை.

தோட்ட மக்கள் கிரகணத்தைப் பாம்பு விழுங்குவதாக எண்ணி அஞ்சியதாலேயே அதனைக் காணவில்லை என்று கூறிவிடுவது எளிது. அது பாதி உண்மையே. அஞ்சினார்கள் என்பது மெய். கருவுற்ற பெண்ணை வெளியே விடமாட்டார்கள்; பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் கதவைச் சாத்தி வைப்பார்கள். சோற்றுப் பானையிலும் தண்ணீர்க் குடத்திலும் தர்ப்பை இடுவார்கள். கிரகணம் விட்டபின் தலைமுழுகி, அடுப்புச் சாம்பலை வாரிக்கொட்டிப் புதிதாக உலை வைப்பார்கள். ஆனால் அச்சத்தோடு அறிவும் கூடவே இருந்தது. தாம்பாளத்தில் நீர் வார்த்து, அதன் நடுவே உலக்கையைச் செங்குத்தாக நிறுத்துவது தமிழ் வீடுகளில் பரவலான வழக்கம். கிரகணத்தின்போதுதான் உலக்கை நிற்கும் என்ற நம்பிக்கை தவறு. நிறுத்தத் தெரிந்தவர் கையில் அது எந்நாளும் நிற்கும். எனினும் நீர்த்தட்டைச் சுற்றிக் குழந்தைகளைக் கூட்டி வைத்து, இப்போது பிடித்தது, இப்போது விட்டது என்று சொல்லிக் கொடுத்தது அந்தத் தாம்பாளமே.

கிரகணம் எப்போது வரும் என்பதைக் கணிப்பதிலோ தமிழர் எவர்க்கும் பின்தங்கியவரல்லர். ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-இல் அச்சிட்ட ‘காலசங்கலித’ என்ற நூலில் ஒரு செய்தி உண்டு. புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் அறிந்த வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை நான்கே நிமிடம். நடுவிலும் முடிவிலும் பிழை கூடிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எழுதுகோலும் அட்டவணையும் இன்றிச் செய்த கணக்கு அது. பிற்காலத்தில் நியூகபவர் என்ற கணித வரலாற்று அறிஞர் அதனை வியந்து ஆராய்ந்தார்.

இவ்விடத்தில் 1955-ஐ விட்டுச் சற்றுப் பின்னோக்கிச் செல்வது தகும். ஏனெனில் இதே மக்களின் முன்னோர் நடந்து வந்த வழியிலே ஒரு முழுநிழல் அதற்கு முன்னரே விழுந்திருந்தது. 1871 டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை காலை. மலையாளக் கரையில் பேக்கல், நீலகிரி, புதுக்கோட்டை, பின்னர் கடல் தாண்டி யாழ்ப்பாணம், திருகோணமலை என்று நிழல் சென்றது. நார்மன் லொக்கியர் என்ற ஆங்கில வானியலார் பேக்கலில் நின்றார். பிரெஞ்சு நாட்டு ஜான்சன் நீலகிரியில் சோலூரில் நின்றார். இவ்விருவரும் அதற்கு மூன்றாண்டு முன் சூரியனில் ஹீலியத்தின் ஒளிக்கோட்டைக் கண்டோர். பேக்கலிலும் யாழ்ப்பாணத்திலும் எடுத்த நிழற்படங்களை ஒப்பிட்டபோது, சூரியனைச் சூழ்ந்த ஒளிமுடி இரண்டிலும் ஒரே வடிவாயிருந்தது. ஊருக்கு ஊர் மாறும் காற்றின் மாயமன்று, அது சூரியனுக்கே உரியது என்று தெளிவாயிற்று. கடலின் இரு கரைகளிலிருந்து பிறந்த அறிவு என்று அதனைப் பெருமையோடு சொல்லலாம்.

அந்நாளில் புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாக ஏறினர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியில் மடிந்தோர் பலர். குடும்பத்தோடு செய்த பெரும் பயணம் என்றால் மலையகத்தார்க்கு அதுவே. நிழலின் வழியும் அவர்கள் வழியும் புதுக்கோட்டையில் ஒன்றாய்த் தொடங்கிச் சற்றே பிரிந்தன. அவர்கள் போய்ச் சேர்ந்த ஊவாவில் அப்போது வேறொரு கிரகணம் தொடங்கியிருந்தது. பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில் 1869-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட காப்பி இலைநோய், இருபதாண்டுக்குள் இலங்கைக் காப்பியையே அழித்தது. தேயிலை வந்தது அதன்பின்னே.

மீண்டும் 1955. அன்று நகர்ப்புறத்தாரும் படித்தோரும் செய்த ஒரு காரியத்தைச் சொன்னால், மூடநம்பிக்கை லயத்துக்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும். கிரகண வேளையில் வசம்பு சேர்த்த ஒரு மருந்தை உட்கொண்டால் மேனி வெளுத்து அழகு கூடும் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. சிங்களத்தில் அதனை ‘வதகஹ சுதிய’ என்பர். நம்பி விழுங்கிய பெண்கள் பலர் வாந்தியெடுத்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. நெடுங்காலம் அந்தக் கிரகணத்தின் பெயரைச் சொன்னாலே இந்தக் கதைதான் இலங்கையில் நினைவுக்கு வந்தது.

விஞ்ஞானிகளின் கதையும் வெற்றிக் கதையன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் முகில் வானத்தை மூடிற்று. கடல் கடந்து, பெட்டி பெட்டியாகக் கருவிகளைக் கொணர்ந்து, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர்களில் பெரும்பாலோர்க்கு அந்த நான்கு நிமிடமும் வெறும் இருட்டாகவே கழிந்தது. ஊவாவிலிருந்து எவரேனும் நான்கு பேரை இழந்து, மூன்று வண்டி மாறி அங்கே போயிருந்தாலும், பெரும்பாலும் அதே இருட்டைத்தான் கண்டிருப்பர்.

தோட்டத்திலேயே நின்றவர்க்கு ஒரு காட்சி வாய்க்கக்கூடியதாயிருந்தது. அதற்குக் கரிபிடித்த கண்ணாடியும் வேண்டாம், இரயில் சீட்டும் வேண்டாம். தேயிலைக்கு நிழல் தருவதற்காகச் சவுக்கும் முள்முருங்கையும் நடுவது வழக்கம். இலைகளுக்கிடையேயுள்ள ஒவ்வொரு சிறு துளையும் ஊசித்துளைக் கருவியைப் போல் வேலை செய்து சூரியனின் உருவத்தைக் கீழே வீழ்த்தும். மற்ற நாட்களில் அவ்வுருவங்கள் வட்டமாயிருப்பதால் எவரும் கவனிப்பதில்லை. கிரகண வேளையில் வட்டம் தேய்ந்து பிறையாகும். வெயில் எட்டிப் பார்க்கும் கணத்தில் தேயிலைச் செடியின் மேலும், கொழுந்துக் கூடையின் மேலும், எடுப்பவளின் கையின் மேலும் நூற்றுக்கணக்கான பிறைகள் கிடக்கும். குனிந்து வேலை செய்பவரே அதனை நன்றாகக் காண இயலும். வானத்தை நிமிர்ந்து பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்தும் அதில் இல்லை.

அந்தத் தலைமுறை ஓரிடத்தில் நிலைக்கவில்லை. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகிர்ந்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தது. அண்ணன் ஒரு பக்கமும் தங்கை மறு பக்கமுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. இந்தியா சென்றோரில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசு நிறுவிய தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து எடுக்கலாயினர்.

2019 டிசம்பர் 26-இல் ஒரு கங்கண சூரிய கிரகணம் வந்தது. அதன் வழி ஏறக்குறைய 1871-இன் வழியே: காசர்கோட்டுக் கரை, நீலகிரி, கோயம்புத்தூர், புதுக்கோட்டை, பின்னர் இலங்கையின் வடபகுதியும் திருகோணமலையும். கோத்தகிரியும் குன்னூரும் அந்த வழிக்குள் அகப்பட்டன. பதுளையும் பசறையும் தெற்கே ஒதுங்கி நின்றன. உடன்படிக்கையால் பிரிந்த குடும்பங்களில் நீலகிரிக்குப் போனோர்க்கு அன்று காலை சூரியன் வளையமாயிற்று. ஊவாவில் தங்கினோர்க்குப் பிறையாயிற்று.